கணவாய் லைனும் என் வலது விரலும்

மார்ச் 3, ஞாயிறு

சலூன் கடை திறப்பதற்கு முன் படகுத்துறைச் சுவரில் இரண்டு மணி நேரம். மச்சினனுக்கு நான்கு கணவாய், எனக்குப் பூஜ்யம். கணவாய், மற்ற மீன்களைப் போல வெடுக்கென்று இழுக்காது. தூண்டிலில் கட்டிய இறால் பொம்மையைத் தன் நீளக் கைகளால் மெல்ல அணைத்துக்கொள்ளும். தூண்டில் லைன் விரலில் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். அந்தக் கனத்தை முதலில் கண்டுபிடிப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்று அவன்தான் என் லைனைப் பார்த்துச் சொன்னான்: “மாமா, பிடிச்சிருக்கு, தூக்குங்க!” எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தூக்குவதற்குள் விட்டுப் போய்விட்டது.

பழைய நைலான் லைன், ரப்பர் மாதிரி நீள்கிறது. வேறென்ன காரணம்?

மார்ச் 5

தூண்டில் கடையில் ஒரு மணி நேரம். லைன் சுற்றும் என் ரீலைக் கையில் வாங்கிப் பார்த்துக் கடைக்காரர் சிரித்தார். “இது பெரிய மீனுக்குண்ணே. கணவாய்க்கு நாள் பூரா தூண்டில் குச்சியை ஆட்டணும், மணிக்கட்டு போயிடும்.” இரண்டாயிரத்து ஐந்நூறாம் நம்பர் சைஸில், இறகு போல ஒன்றை எடுத்துக் கொடுத்தார். லைன் பின்னல் நூல். நீளாது, தொட்டால் தொட்டது தெரியும். ரீலின் பிரேக்கைத் தளர்த்தியே வைக்கச் சொன்னார், இறுக்கினால் கணவாயின் கை பிய்ந்து கை மட்டும்தான் மேலே வருமாம். எனக்கே பாடம்! கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவி: “ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்.”

மார்ச் 7

கண்டக்டர் சவரத்துக்கு வந்தார். பதினைந்து வருடமாக என் நாற்காலிதான். மச்சினன் குறுக்கே பாய்ந்து, “இங்க வாங்கண்ணே, இங்க காலி” என்று அழைத்துப் போய்விட்டான். என் நாற்காலியும் காலிதான். ஒரு மாதத்துக்குள் இது எத்தனையாவது ஆள்? அவன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு வேலை கற்றுக்கொடுத்தேன், இப்போது என் ஆட்களையே இழுக்கிறான்.

மார்ச் 10

புது ரீல், புது லைன், மறுபடியும் பூஜ்யம்.

திடீரென்று மச்சினன் கத்தினான்: “மாமா! கையில ரத்தம்!” குனிந்து பார்த்தால் சட்டையின் கைமடிப்பு முழுக்கச் சிவப்பு. வலது ஆள்காட்டி விரலைப் பின்னல் நூல் ஆழமாக அறுத்திருந்தது. எப்போது அறுத்தது? குளிரில் மரத்திருக்கும் என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிக் குளிரவும் இல்லை.

இன்னும் மெல்லிய லைன் வேண்டும். அதுதான் விஷயம்.

மார்ச் 12

எழுதவே கை வரவில்லை.

தூண்டில் கடையில் இருப்பதிலேயே மெல்லிய லைன் கேட்டேன். கடைக்காரர் இரண்டு வகையை எடுத்து, நுனியை என் வலது விரல்மேல் போட்டுவிட்டு, மறுமுனையோடு கடைக்கோடிக்குப் போனார். “கண்ணை மூடுங்கண்ணே. நான் சுண்டுறேன். எது நல்லா தெரியுதுன்னு சொல்லுங்க.”

மூடினேன். காத்திருந்தேன். “சுண்டுங்க” என்றேன்.

கண்ணைத் திறந்தால், லைனைப் பிடித்தபடி ஒரு மாதிரி நின்றார். “அண்ணே... ரெண்டையும் மாத்தி மாத்தி அஞ்சாறு தடவை சுண்டிட்டேன்.”

இடது விரலில் போட்டார். சட்டென்று தெரிந்தது. என் பழைய தடி நைலானைப் போட்டார். அதுவும் தெரிந்தது. வலது விரலில் மட்டும் ஒன்றுமில்லை.

வாங்காமல் வந்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

ஐயோ. கத்தி. நான் இந்த விரலால்தானே கத்தி பிடிக்கிறேன்!

போன மாதம் கண்டக்டரின் தொண்டைக்குப் பக்கத்தில் ஒரு கீறல். “நீங்க அசைஞ்சிட்டீங்க” என்று நான்தான் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் அசைந்தாரா? அந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்! காது பிளந்திருந்தால்? இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால்?

மார்ச் 13

முதல் ஆளுக்கு நுரை போட்டேன். கத்தியை எடுத்தேன். அவர் நிம்மதியாகக் கழுத்தைக் காட்டிக் கண்ணை மூடினார். முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டு மச்சினனைப் பார்த்தேன். அவன் தயாராக இருந்தவனைப் போல வந்து வேலையைத் தொடர்ந்தான்.

ஆள் போனதும் பின்னறையில் வைத்துக் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று.

“ஒரு மாசமா மாமா. சீப்பு கீழ விழுந்ததுகூடத் தெரியாம வெறுங்கையால சீவிக்கிட்டு நின்னீங்க. அக்காகிட்ட சொன்னேன். நேரா சொன்னா உங்களுக்குத் தாங்காதுன்னு அக்காதான் சொல்ல வேணாம்னுச்சு. ஷேவிங்கை மட்டும் நான் இழுத்துக்கிட்டேன்.”

இரண்டு பேரும்! என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்க, என்னைச் சுற்றி நின்று எல்லோருடைய கழுத்தையும் காப்பாற்றியிருக்கிறார்கள். அவன் என் ஆட்களை இழுக்கிறான் என்று எழுதி வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டாமா?

மார்ச் 16

டாக்டர் குண்டூசியால் குத்திக் குத்திக் கேட்டார். குத்துவதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கழுத்து எலும்புக்கிடையில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். முப்பது வருடம் குனிந்து நின்ற வேலை. ஆபரேஷன் செய்தால் மிச்சமுள்ள உணர்ச்சி போகாது. போனது திரும்புமா? “உறுதியா சொல்ல முடியாதுங்க.”

அவள் வழி நெடுக என் கையை விடவே இல்லை. வலது கையைத்தான் பிடித்திருந்தாள்.

மார்ச் 29

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் பட்டை.

மே 12

தூண்டில் கடைக்காரர் ரீலின் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக் கொடுத்தார். இனிக் குச்சி இடது கையில், லைனும் இடது விரலில். தொடுவது தெரிகிறது, தூக்கத்தான் கை பழகவில்லை. கத்தியையும் இப்படி இடது கைக்கு மாற்றிப் பிடித்து வீட்டில் ஒரு பலூனில் நுரை தடவிச் சவரம் செய்து பார்த்தேன். மூன்று பலூன் வெடித்தது. அவள் சிரிக்கவில்லை.

மே 20

புதிதாக ஒருவர் வந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து, “ஷேவிங்” என்றார்.

மச்சினன் எழுந்தான். நான் கையைக் காட்டி அவனை நிறுத்தினேன்.

“என் விரல்ல உணர்ச்சி இல்லீங்க” என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. “முடி வெட்டுறதுன்னா மெஷின்ல நான் வெட்டுவேன். ஷேவிங்னா அந்த நாற்காலிக்குப் போங்க.”

அவர் எழுந்து மச்சினனின் நாற்காலிக்குப் போனார். மூலையில் கண்டக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து, இன்னும் சூடு ஆறாத என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எனக்கு முடி வெட்டணும்” என்றார். அவர் தலையில் பத்து முடி இருந்தால் அதிகம். மெஷினை எடுத்தேன்.