மகா கிழிக்கும் காகிதங்கள்

ஜூலை 2, புதன்

விடாத மழை. பஜார் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பாதி வீடுகளில் பிளாஸ்டிக் குப்பை எடுக்கவில்லை என்று சூப்பர்வைசர் கத்தினார். கத்தட்டும், அவர் ஒரு நாள் சாக்கோடு இறங்கி நடந்து பார்க்கட்டும்.

மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மகா மலையாளப் புத்தகத்தை டீச்சர் மேசை மேல் வீசிவிட்டாளாம். எழுந்து நின்று ஒரு பாராவை உரக்க வாசிக்கச் சொன்னார்களாம், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்கிற காரியமா? ஏழு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு கடைப் பலகையெல்லாம் வாசித்தபடி நடந்தவள்.

கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறாள்.

ஜூலை 6

தலை வார உட்கார வைத்தேன். உச்சியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை. அவளேதான் பிடுங்குகிறாள். தலையணைக்கு அடியில் உருண்டை உருண்டையாக முடி.

"ஏண்டி?" என்றேன். "அறியில்ல." அறைந்துவிட்டேன். பாவி நான்.

ஜூலை 7

பக்கத்து வீட்டு பிந்து சேச்சி, "எதையோ கண்டு பேடிச்சிருக்கா, பயம் போக ஒரு கயிறு கட்டு" என்றாள். கட்டினேன். சாயங்காலத்துக்குள் அறுத்துப் போட்டுவிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

சஜி வந்திருந்தார். என் வீட்டுக்காரரோடு இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். சாயா கொடுத்தேன். அவர் பேச்சு வந்தது. வந்துவிட்டால் எனக்கு நிற்காது. செத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்த வருடம் மெடிக்கல் கேம்பில் நெஞ்சைச் சோதித்து, அப்புறம் ஒரு காகிதம் அனுப்பினார்களே, அதில் எச்சரித்து ஒரு வரி எழுதியிருந்தால் அவரை மூட்டை தூக்க விட்டிருப்பேனா?

"ஒரே ஒரு வரிண்ணே. என் மனுசன் உசுரோட இருந்திருப்பாரு." அழுது தீர்த்தேன்.

சஜி போனதும் உள்ளே பார்த்தால், கரண்ட் பில், ரேஷன் கடைக் காகிதம் எல்லாம் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. இப்போது வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அவள் விட்டு வைப்பதில்லை. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத்து ஓடாது. தேனிப் பக்கம் பத்தாவது வரை தமிழ் படித்துவிட்டு இங்கே வாழ வந்தவள். எல்லாவற்றையும் வாசித்துச் சொல்ல இவளைத்தான் நம்பியிருந்தேன். எங்கிருந்து வந்தது இந்தத் திமிர்?

ஜூலை 21

பள்ளிக்கூடத்தில் கவுன்சிலிங் டீச்சரைப் பார்த்தேன். பெயர் சுபாஷிணி, பாலக்காட்டுத் தமிழ்க்காரர். தமிழில் பேச ஆள் கிடைத்ததே போதும் என்று எல்லாம் கொட்டினேன்.

"திமிர் மாதிரி தெரியலை. வாசிக்கறதுக்கு பயப்படறா. ஆத்துல அவ யாருக்காவது உரக்க வாசிச்சுச் சொல்றதுண்டா?"

"எல்லாமே அவதான் டீச்சர்! எட்டு வயசுலேர்ந்து. பேங்க், ஆஸ்பத்திரிச் சீட்டு, அவங்கப்பாவோட கேம்ப் காகிதம் வரைக்கும்." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "அந்தக் காகிதம் இப்போ இருக்கா?"

ஜூலை 22

இரும்புப் பெட்டியில், அவருடைய வேட்டிக்கு அடியில் இருந்தது. பிந்து சேச்சி வாசித்தாள்: "இருதயத்துக்குக் கேடு உண்டு. பாரம் தூக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள்ள இருதய டாக்டரைக் காணணும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "இது நீ அறிஞ்சதில்லையா வீரலட்சுமி?"

அன்று மகா எனக்கு வாசித்துச் சொன்னது: "எல்லாம் நார்மல்."

ஜூலை 23

கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, "தெரிஞ்சேதானடி பொய் சொன்ன?"

அவள் கை உச்சிக்குப் போனது. பிறகு, "அப்பாதான் பறயச் சொன்னாரு" என்றாள்.

என்னிடம் வருவதற்கு முன்பே வாசல்படியில் வைத்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அம்மா அறிஞ்சா வேலைக்கு விடமாட்டா மோளே. நார்மல்னு சொல்லு. ஓணம் கழிஞ்சு டாக்டரைப் பார்க்கலாம்." ஓணத்துக்கு நான்கு நாள் முன்னால் கிடங்கிலேயே விழுந்தார். அப்போது இவளுக்குப் பதினொரு வயது.

"வர்றவங்ககிட்டல்லாம் நீ சொல்லுவல்லம்மா, ஒரு வரி, ஒரு வரின்னு. நான் கேட்டுட்டேதான் இருந்தேன்."

ஒரு நிமிடம் — அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அதனால் எழுதிவிடுகிறேன் — ஒரே ஒரு நிமிடம் என் மகளை வெறுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுகொண்டாள்.

ஜூலை 24

மகா சாப்பிடவில்லை.

ஜூலை 25

சாப்பிடவில்லை. உச்சி வட்டம் பெரிதாகியிருக்கிறது.

ஜூலை 27

இந்த நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தேன். மே மாதம் அவருடைய அக்கா இருளாயி வந்திருந்தபோது அந்த ஒரு வரிக் கதையைச் சொல்லி அழுதிருக்கிறேன். மறுநாள் கண்ணாடி உடைந்திருக்கிறது. கை தவறி என்று எழுதி வைத்திருக்கிறேன். சஜி வந்தார், காகிதங்கள் கிழிந்தன. மூன்று வருடமாக, வாசலுக்கு வந்தவர்களிடமெல்லாம் என் பிள்ளை மேலேயே குற்றம் சொல்லியிருக்கிறேன். அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

யோவ் முனியாண்டி, ஓணத்துக்கு அவளுக்குக் கம்மல் எடுக்கணும்னுதானே ஓடின? கடைசியில அந்தப் பிள்ள தலையிலயே மூட்டைய ஏத்தி வச்சுட்டுப் போயிட்டியே. நான் இப்ப யார் கூடய்யா சண்ட போட?

ஆகஸ்ட் 4

மனநல டாக்டரிடம் டீச்சரும் கூட வந்தார். வாரம் ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும், "உம் மேல தப்பே இல்ல, மகா" என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடி, "டீச்சர் சொல்லித் தந்ததல்லே?" என்றாள்.

ஆமாம், டீச்சர் சொல்லித் தந்ததுதான். ஆனால் நிஜமும்தான். நம்ப வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

பேங்கிலிருந்து ஒரு கடிதம். அவளைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று சேலைக்குள் மறைத்து பிந்து சேச்சியிடம் கொண்டு போனேன். திரும்பினால் மகா வாசலில் நிற்கிறாள்.

"இனி என்கிட்ட தரமாட்ட இல்லியா? அதும் சரிதான்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு. நான் என்னதான் செய்வேன்?

ஆகஸ்ட் 19

"அவசரப்படாதீங்கோ" என்கிறார் டீச்சர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 1

ஓணக் கணக்கில் அவர் போன நாள். சஜி பழம் வாங்கி வந்து படத்தின் முன் வைத்தார். "அன்னிக்கே டாக்டருமாரு ஒரு வார்த்த எழுதியிருந்தா..." என்று அவரே எடுத்துக் கொடுத்தார். என் பாட்டு அவருக்கும் பாடமாகிவிட்டது.

"எழுதியிருந்தாங்கண்ணே" என்றேன். சத்தமாக, உள்ளே கேட்கும்படி. "அவருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் மூட்ட தூக்கப் போனாரு. பிள்ளைய வேற பொய் சொல்ல வச்சுட்டுப் போனாரு. தப்பு அவருது. எழுத்தப் படிக்கத் தெரியாம பிள்ளைய நம்பி உக்காந்திருந்த எந்தப்பு."

மகா நடைக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றும் அவள் சாப்பாடு அரைகுறைதான்.

செப்டம்பர் 9

காலையில் கார்ப்பரேஷன் நோட்டீஸ் ஒன்று வந்தது. எடுக்கவும் பயம், ஒளிக்கவும் பயம். மேசை மேலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வந்தபோது கிழியாமல் அப்படியே கிடந்தது. நான் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போது மகா அதை எடுத்தாள். ஜன்னல் ஓரம் போய் நின்றாள். குரலே எழும்பவில்லை, ஆனாலும் வாசித்தாள்.

"பதினெட்டு, பத்தொம்பது ரெண்டு நாளும் குடிவெள்ளம் வராது. பைப் மாத்துறாங்க." காகிதத்தை என்னிடம் நீட்டி, "பிந்து சேச்சிகிட்டயும் ஒருவட்டம் கேட்டுக்கோ" என்றாள்.

நீ படித்தால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு போனேன். திரும்பி வரும்வரை ஜன்னலிலேயே நின்றிருந்தாள்.

"சேச்சி என்ன சொன்னா?"

"நீ சொன்னதேதான்."

காகிதத்தை வாங்கி நான்காக மடித்து மேசை மேல் வைத்தாள். பிறகு தட்டை எடுத்துத் தானே சோறு போட்டுக்கொண்டாள்.