கடல் பாலத்துச் சிவப்புத் தொப்பி

மூலக்குளம்,
புதுச்சேரி.
12.10.2008

அன்பு மகள் மாலாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் நீ வேலை பார்க்கும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் நான் பல தடவை செத்துவிட்டேன், அது போதாதென்று இப்போது அங்கே நான் ஒரு கொலைகாரன். இதை உன் அம்மா போனில் உனக்குச் சொல்லிச் சிரிப்பதற்குள் நானே முறைப்படி தெரிவித்துவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். மஜீத் பாய் தன் பிரவுசிங் சென்டரில் இதை ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், அசலைத் தபாலில் போடுகிறேன். வாக்குமூலம் என்றால் கையெழுத்து வேண்டும்.

ஊர் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. வில்லியனூர் ரோட்டைக் குழாய் போடத் தோண்டிவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள், மழை பிடித்தால் நம் தெருவில் படகுதான் விட வேண்டும். உன் மாமா புருஷோத்தமன் மாடி கட்டுகிறார், தினமும் வந்து சிமெண்ட் கதை சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகிறார். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, பெரிய மார்க்கெட் வரைக்கும் போய் வந்தால் அன்றைக்கு முழுதும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். ஆனால் உன் விளையாட்டுக்குள் அவளுக்கு முட்டி வலி கிடையாது பார், அங்கே ஓட்டமும் நடையுமாகத்தான் திரிகிறாள். லீவுக்கு வந்தபோது நீ கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்து, சோதனைக்கு விட்டிருக்கோம், சும்மா நடந்து பாருங்க என்று சொன்னாயே, அதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பாக்கியம் என்று தன் பெயரையே வைத்துக்கொண்டு ஊருக்குள் இருக்கும் குளத்தில் மீன் பிடிக்கிறாள், கடைத்தெருவில் விற்கிறாள், கோட்டைச் சுவரை ஒட்டி இருக்கும் எல்லாத் தெருவும் அவளுக்கு அத்துப்படி. மதியம் குழம்புச் சாதத்துக்கும் ரசச் சாதத்துக்கும் நடுவில் எழுந்து போய் ஒரு மீன் என்று ஆடுவாள், எனக்கு ரசம் வர நேரமாகும். ஊரைச் சுற்றி நீங்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறீர்களே, அதற்குள் யாரும் யாரையும் அடிக்க முடியாது என்பதால் அவள் அதைத் தாண்டவே மாட்டாள், கோட்டோரமாக நின்று வெளியே இருக்கும் மரத்தையும் மலையையும் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள்.

நான் அப்படி இல்லை. ஏட்டு என்று பெயர் வைத்துக்கொண்டு முதல் நாளே ரோந்து போகிற நினைப்பில் வெளியே போனேன், மரத்துக்குப் பின்னால் இருந்து ஒருத்தன் வந்து ஒரே வெட்டு, சட்டை செருப்பு முதற்கொண்டு உருவிக்கொண்டு போய்விட்டான், அரைக்கால் டவுசரோடு ஊருக்குள் எழுந்தேன். உன் அம்மா மீன் கடையில் நின்றுகொண்டு, இன்னாங்க இது கோலம், நாலு பேர் பாக்கறாங்க என்று கேட்டாள். மறுநாளும் அதே கோலம்தான். அதன் பிறகு கோட்டோரமாக நின்று கவனித்தபோதுதான் கூத்து புரிந்தது. திருட்டுப் பயல்கள் காட்டுக்குள் எல்லாம் இல்லை, கோட்டுக்கு உள்ளேயே ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், புது ஆள் எவனாவது வெளியே கால் வைத்தால் இவர்களும் வெளியே வந்து அடித்துப் பிடுங்கிக்கொண்டு உடனே உள்ளே வந்துவிடுகிறார்கள், உள்ளே வந்தவனை அடிக்கச் சட்டத்தில் இடமில்லை. எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது மாலா. திருக்கனூர் பக்கம் நான் டூட்டி பார்த்தபோது சாராயம் கடத்துகிறவன் இதையேதான் செய்வான், நான் விரட்டிக்கொண்டு போனால் வரப்பைத் தாண்டிக் குதித்துத் தமிழ்நாட்டில் நின்றுகொள்வான், புதுச்சேரி போலீஸ் அங்கே கை வைக்க முடியாது, மூச்சு வாங்க இந்தப் பக்கம் நிற்கும் என்னைப் பார்த்து, ஐயா, மணி இன்னா ஆவுது என்று கேட்பான். சர்வீஸ் முழுக்க அந்த வரப்பு என் வயிற்றெரிச்சல், ரிட்டையர் ஆன பிறகும் கம்ப்யூட்டருக்குள் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள்.

ஆகவே நானே பந்தோபஸ்து போட்டுக்கொண்டேன். காலையில் டிபன் ஆனதும் கம்போடு கோட்டுக்கு வெளியே போய் நின்றுவிடுவேன், புது ஆட்கள் வந்தால் வெயிட், கோ, கோ ஃபாஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி ஒவ்வொருவராக அனுப்புவேன். பலர் என்னைக் கம்பெனி வைத்த ஆள் என்றே நினைத்து வழி கேட்டார்கள், எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போனது. அப்படி இருக்கும்போது ஒரு நாள் ஒரு புது ஆள் காட்டிலிருந்து அடிபட்டுக் குற்றுயிரும் குலையுயிருமாக ஓடி வருகிறான், நான் வா வா என்கிறேன், கோட்டுக்கு ஒரு அடி முன்னால் வந்தவன் உள்ளே போகாமல் அங்கேயே நின்று எனக்கு நன்றி எழுத ஆரம்பித்துவிட்டான். மாசி மகத்தில் வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும் ஜனங்களை நாங்கள் லத்தியால் முதுகில் லேசாக ஒரு தட்டு தட்டி, நகரு நகரு என்போம், யாருக்கும் வலிக்காது, சிலர் சிரித்துக்கொண்டே போவார்கள். அந்தக் கைப்பழக்கம் எங்கே போகும். ஒரு தட்டு தட்டினேன். ஆள் அப்படியே மல்லாந்துவிட்டான்.

அவன் தூண்டிலும் ரொட்டியும் என் காலடியில் கொட்டின, எங்கிருந்தோ கொம்பு ஊதினார்கள், என் தலைக்கு மேல் இருந்த பெயர் அந்தத் திருடர்கள் பெயரைப் போலவே செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. கோட்டுக்குள் நின்ற திருடர்கள் எல்லாரும் எனக்குக் கை தட்டினார்கள். நான் நியாயம் சொல்லலாம் என்று ஊருக்குள் போனால் இரும்புச் சட்டை போட்ட காவல்காரர்கள் ஈட்டியோடு விரட்டுகிறார்கள், சிவப்புப் பெயர்க்காரன் கோட்டோரம் நிற்கலாமே தவிர ஊருக்குள் இடமில்லையாம், செத்தாலும் முள்ளுக்காட்டில்தான் எழ வேண்டுமாம். சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காமல் ரிட்டையர் ஆன மனுஷன் இந்த வயதில் தலைமறைவாகிவிட்டேன். உன் அம்மா கோட்டோரம் வந்து எனக்குப் பொரித்த மீன் போட்டுவிட்டுப் போகிறாள், ஜெயிலுக்குச் சோறு கொண்டாற மாதிரி இருக்குதுங்க என்று சிரிக்கிறாள்.

இப்படி இருக்கும்போதுதான் நேற்றுக் காலையில் நீ போன் செய்தாய். விளையாட்டுக்குள் நீ இத்தனை நாள் உட்கார்ந்து செய்த கடற்கரையை எடுத்துவிடப் போகிறார்கள், போகிற வழியிலேயே எல்லாரும் அடிபட்டுச் சாவதால் அங்கே யாரும் போய்ச் சேருவதே இல்லை, அடிதடியை ஒரேயடியாக நிறுத்தினால் அதற்காகவே ஆடுகிறவர்கள் போய்விடுவார்கள், நிறுத்தாவிட்டால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போய்விடுகிறார்கள், மாதக் கடைசிக்குள் நீ ஒரு வழி சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாய். சொல்லும்போது உன் குரல் சரியில்லை என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். நம்ம ஊர்க் கடல் பாலத்தை அங்க கட்டி வெச்சிருக்கேம்மா என்றும் சொன்னாயாம். போனை வைத்துவிட்டு உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எம் பொண்ணு கட்டுனதை நான் பாக்கறதுக்குள்ள இடிச்சிடுவானுங்களா, கெளம்புங்க என்றாள். கோட்டைத் தாண்டாதவள் அவள், அவளைத் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தானே, அதில் அவள் உட்கார்ந்தாள், நான் மஜீத் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்து செல்போனைக் காதில் வைத்துக்கொண்டேன். இடது பக்கம் வா, நான் பின்னாலயே வரேன், யார் கூப்பிட்டாலும் நிக்காதே என்று நான் சத்தமாகப் பேசுவதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ பெரிய கேஸ் நடக்கிறது என்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளோ ஒவ்வொரு பூவுக்கும் நிற்கிறாள், ஐயோ இது இன்னா மரம், இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, இத்தனை நாள் இதையெல்லாம் பாக்காம குளத்துல மீன் புடிச்சிட்டிருந்தேனே என்று புலம்புகிறாள். கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், ஆனால் பின்னால் சிவப்புப் பெயரோடு நான் வருவதைப் பார்த்து, இவன் பிடித்த இரை போலிருக்கிறது என்று எனக்குத் தலையசைத்துவிட்டு விலகிப் போனார்கள். இதை அவளிடம் சொன்னேன், கோபம் வந்துவிட்டது. நான் இன்னா பிடிச்ச கோழியா என்று கேட்டுவிட்டு அதில் ஒருத்தனைக் கூப்பிட்டு மீன் கொடுத்தாள், சாப்ட்டியா என்று அவனிடம் ஆங்கில எழுத்தில் விசாரிக்கிறாள், அவன் எந்தத் தேசத்துக்காரனோ.

பாதி வழியில் வீட்டில் குக்கர் விசில் அடித்துவிட்டது. இருங்க பருப்பு தீஞ்சிடும் என்று சொல்லி நட்டநடுக் காட்டில் பாக்கியத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு கும்பல் வந்து சுற்றி வளைக்கிறது, பாக்கியம் அசையாமல் நிற்கிறாள், நான் கம்பை ஓங்கிக்கொண்டு குறுக்கே போய் நின்று, பாக்கியம், ஓடிவா, பாக்கியம் என்று கத்துகிறேன், மஜீத் பாய் கடையில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், போனில் பருப்பு கடையும் சத்தம்தான் கேட்கிறது. எனக்கு நிஜமாகவே நெஞ்சு அடித்துக்கொண்டது மாலா, அது வெறும் பொம்மை என்று தெரிந்தும் அடித்துக்கொண்டது. அப்போது அந்த மீன் தின்ற பயல் காட்டிலிருந்து ஓடி வந்து அவளுக்குப் பக்கத்தில் கத்தியோடு நின்றான், கும்பல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கலைந்தது. அம்மா திரும்பி வந்து உட்கார்ந்து, யாருங்க இவ்ளோ பேர் வந்துட்டுப் போன மாதிரி காலடி கெடக்குது என்று கேட்டாள். அப்புறம் அவளே ஒரு விஷயம் சொன்னாள், அதை உனக்குக் கட்டாயம் எழுதச் சொன்னாள். திருக்கனூர் பஸ்ஸில் போனால் நம் எல்லை கொஞ்ச தூரம், தமிழ்நாடு கொஞ்ச தூரம், மறுபடி நம் எல்லை என்று விட்டு விட்டு வருமே, அந்த மாதிரி காட்டுக்குள் ஆங்காங்கே ஒரு சாவடி அளவு அடிக்க முடியாத இடம் வைத்தால் பயந்தவர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடியே ஊரைப் பார்த்துவிடுவார்கள், சண்டை போடுகிறவர்கள் நடுவில் போட்டுக்கொள்ளட்டும் என்றாள். நான் அதோடு ஒன்று சேர்க்கிறேன், வெளியே போய் அடித்தவன் உடனே திரும்பக் கோட்டுக்குள் வர முடியாதபடி கொஞ்ச நேரம் தவிக்க விடு, என் வயிற்றெரிச்சல் தீரும்.

சாயங்கால வெளிச்சத்தில் கடைசியாகக் கடல் தெரிந்தது. நம் பாலமேதான், அதே தூண்கள், அதே அலை. நான் அவளுக்கு முன்னால் வேகமாகப் போனேன். பாலத்து முகப்பில் ஒரு காவல்காரன் நின்றான், இரும்புச் சட்டை இல்லை, நம் ஊர்ப் போலீசின் சிவப்புத் தொப்பி. வலது கையை இடுப்பில் வைத்து, தொப்பியை வியர்வைக்காக ஒரு பக்கம் சாய்த்து, வயிறு கொஞ்சம் முன்னால் தள்ளி நின்றான். உன் பள்ளிக்கூடத்து முனையில் நான் டிராபிக் பார்த்த நாட்களில் நீ சிநேகிதிகளோடு என்னைத் தெரியாதவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு ரோட்டைக் கடப்பாய், அப்பனைப் பார்த்தால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கிறது என்று நினைத்து நானும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நீ இந்த அளவுக்குப் பார்த்து வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது கண்ணு. பிரவுசிங் சென்டர் என்றும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், அவன் லத்தியை ஓங்கி என் மண்டையில் ஒரே போடு போட்டான். சிவப்புப் பெயர்க்காரன் அல்லவா, முள்ளுக்காட்டில் போய் எழுந்தேன்.

உன் அம்மா போனில் சிரித்த சிரிப்பில் மஜீத் பாய் பயந்துவிட்டார். பிறகு அவள் தனியாகப் பாலத்துப் பக்கம் போயிருக்கிறாள், அவன் லத்தியை இறக்கி, பாத்துப் போங்கம்மா, அவசரம் வேணாம் என்று சொன்னானாம். அது நான் ரோடு தாண்டுகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை. அதை அவள் எனக்குப் போனில் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

மாதக் கடைசியில் அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி, மூலக்குளத்திலிருந்து ஒரு பொம்பளை முட்டி வலியோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள், யாரும் போவதில்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது என்று தைரியமாகப் பேசு. என் பெயரை வெள்ளையாக்குகிறேன் என்று சிபாரிசு மட்டும் செய்துவிடாதே, தண்டனையை நான் முறையாக அனுபவித்துவிட்டு வருகிறேன். அந்தக் காவல்காரன் கையையும் கட்டிவிடாதே. பெற்றவன் என்றும் பாராமல் அடித்தானே, அதுதான் டூட்டி, எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அம்மா கம்ப்யூட்டரை அணைக்க விடமாட்டேன் என்கிறாள், அணைத்தால் மறுபடி ஊருக்குள் குளத்தங்கரையில் போய் நிற்க வேண்டுமாம், அதனால் காலையிலிருந்து பாலத்துக் கடைசியில் நின்று கடல் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு இன்னும் சாப்பாடு ஆகவில்லை.

நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக, எந்த ஊர்க் காட்டிலும் உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க அம்மாவும் நானும் சாமியை வேண்டிக்கொள்கிறோம். காது மூடுகிற குல்லாயை மறக்காதே. பொங்கலுக்கு லீவு கேட்டு வை. வரும்போது அந்தப் பாலத்துக் காவல்காரனுக்கு மீசையைக் கொஞ்சம் கறுப்பாக்கிவிட்டு வா, நான் டிராபிக் பார்த்த காலத்தில் எனக்கு நரையே கிடையாது.

அன்புள்ள அப்பா,
கி. கலியமூர்த்தி
ஏட்டு (ஓய்வு), தற்சமயம் முள்ளுக்காடு