நண்பகலில் நூற்றிருபது செடிகள்

ஆறாம் வயல் நிலையம். குளிர்கால நாள் 1. பகல் 12:10

வெப்பநிலை 6 டிகிரி. காற்று மிதம். கஞ்சா நாற்றுகள் 120. அனைத்தும் நலம்.

இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று தெரியாததால் ஓர் அறிமுகம். நான் கிறேனாப்பு, தாவரவியலாளர். நிலையத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் தெற்கே சுரங்கக் குடியிருப்பு. அங்கே சுரங்கம் சரிந்ததில் நசுங்கிய ஒன்பது பேர் மருத்துவ அறையில் கிடக்கிறார்கள். வலி ஊசி முப்பத்தொன்று மிச்சம். அடுத்த சரக்குக் கப்பல் குளிர்காலம் முடிந்த பிறகுதான் வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கஞ்சா எண்ணெய் எடுத்துக் கொடுப்பது என் பணி.

உரிமம் கேட்டு வசந்தத்தின் முதல் நாளில் விண்ணப்பித்தேன். குளிர்காலத்தின் முதல் நாளான இன்று வந்திருக்கிறது. செல்லுபடியாகும் காலம் 140 நாள். இந்தக் கோளின் குளிர்காலமும் 140 நாள். தாய்க்கோளில் உள்ள கட்டுப்பாட்டுக் குழு துல்லியமாக வேலை செய்கிறது.

நிபந்தனைகள்: செடிகள் திறந்த வெளியில் மட்டுமே வளர வேண்டும். கூரை என்பது மறைப்பு. மேற்பார்வைத் துணைக்கோள் நாள்தோறும் நண்பகலில் செடிகளை எண்ணும். தொடர்ந்து மூன்று நண்பகல் எண்ணிக்கை குறைந்தால் அது திருட்டு. குடியிருப்புக்கு மருந்து அனுப்புவது நிறுத்தப்படும். அறுவடை செய்ய எனக்கு உரிமை கிடையாது. குழுவின் அறுவடை எந்திரம் வயலோரக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. அனுமதி வந்தால் கதவு தானே திறக்கும்.

நண்பகல் எண்ணிக்கை: 120. வளர்ச்சி: இயல்பு.

நாள் 12. மாலை 4:30

வெப்பநிலை 3 டிகிரி. குடியிருப்பிலிருந்து அழைப்பு. வானொலியாளர் பூதத்தான் அண்ணாச்சி அந்த ஒன்பது பேரில் ஒருவர். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. படுத்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று வானொலியைக் கட்டிலருகே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"என்ன தங்கச்சி, பிள்ளைகள்லாம் சொகமா இருக்கா?"

நான்கு விரல் உயரம் வந்திருப்பதாகச் சொன்னேன்.

"நாலு விரலா? ரேஷன் கடை வரிசகூட இதவிட வெரசா நவுரும்லா."

வலி எப்படி என்று கேட்டேன்.

"அது ஒண்ணுதான் இங்க நல்லா வளருது. தண்ணி ஊத்த வேண்டாம், உரிமம் வேண்டாம். நீ செடியப் பாரு."

நாள் 27. மாலை 5:00

பகல் ஒன்பது மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பகல் குறைந்தால் கஞ்சா பூக்கும். முழங்கால் உயரம்கூட எட்டாத செடிகள் பூக்கத் தொடங்கிவிட்டன. விளக்கு வைத்துப் பகலை நீட்டலாம். ஆனால் இருட்டிய பின் வயலில் விளக்கு எரிந்தால் அது இரகசிய நடவடிக்கை.

ஆண் செடிகள் 55. அவற்றைப் பிடுங்காவிட்டால் பெண் பூக்கள் விதை பிடித்து மருந்துச் சத்து குறையும். பிடுங்க அனுமதி கேட்டேன். குழுவின் பதில்:

"எண்ணிக்கை குறைவதை அனுமதிக்க இயலாது. மேலும், ஆண் செடிகளிடம் மட்டும் பாகுபாடு காட்டுவதற்கான காரணங்களை மூன்று பிரதிகளில் அனுப்பவும்."

அனுப்பினேன். பதில் வரும்வரை ஆண் பூக்களைக் கத்தரியால் ஒவ்வொன்றாகக் கிள்ளுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்.

நாள் 43. பகல் 12:20

முதல் உறைபனி. மைனஸ் 4. பதினான்கு செடிகள் கருகிவிட்டன. மூடுவதற்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு என்னிடம் இருக்கிறது. பயன்படுத்த அவசர அனுமதி கேட்டேன்.

நண்பகல் எண்ணிக்கை: 106.

நாள் 44. பகல் 1:00

அனுமதி வந்தது.

"ஒளி ஊடுருவும் விரிப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் அது செடிக்கும் வானத்துக்கும் இடையில் வரக்கூடாது."

விரிப்பைச் செடிகளுக்கு அடியில் விரித்தேன். மண் நன்றியோடு இருக்கிறது.

நண்பகல் எண்ணிக்கை: 99. இரண்டாவது குறைவு. நாளையும் குறைந்தால் திருட்டு.

நாள் 45. பகல் 12:30

விடிந்ததும் செத்த செடிகளை நிமிர்த்திக் கம்பியில் கட்டினேன். குழாய்களுக்கு அடிக்கும் பச்சை பெயிண்ட் இருந்தது. அடித்தேன். காய்ந்த இலை உதிர்ந்த இடங்களில் கூடாரத் துணியைக் கஞ்சா இலைபோல் ஏழு விரலாக வெட்டி ஒட்டினேன். பொய் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். குடியிருப்பில் ஒன்பது பேர் கிடக்கிறார்கள் என்பதும் தெரியும்.

நண்பகல் எண்ணிக்கை: 120. வளர்ச்சி: நன்று.

இதுவரை 'இயல்பு' என்றுதான் வந்துகொண்டிருந்தது.

நாள் 66. பிற்பகல் 3:40

மைனஸ் 9. உயிரோடிருப்பவை 49. துணிச்செடிகள் 71. கை பழகிவிட்டது. இப்போதெல்லாம் நரம்புகூட வரைகிறேன். என் கோட்டு முழங்கையில் கிழிந்ததால் மிஞ்சிய இலைத் துணியை அதன் மேல் வைத்துத் தைத்துக்கொண்டேன்.

நண்பகல் எண்ணிக்கை: 120. வளர்ச்சி: சிறப்பு.

உண்மையான செடிகளை மட்டும் வைத்திருந்தபோது ஒரு நாளும் 'சிறப்பு' கிடைக்கவில்லை.

நாள் 88. மாலை 4:10

மைனஸ் 13. உயிரோடிருப்பவை 11. பூக்கள் முற்றிவிட்டன. அறுவடை எந்திரத்தைத் திறக்க விண்ணப்பித்தேன். உணவைப் பாதியாகக் குறைத்ததில் என் எடை, கோட்டோடு சேர்த்து, 52 கிலோ.

பூதத்தான் அண்ணாச்சி அழைத்தார். ஊசி நான்கு மிச்சம் என்றார். அவருடைய முறை போன வாரமே வந்ததாம், போட்டுக்கொள்ளவில்லை.

"அடுத்த கட்டில் மாசானம் ராப்பகலா கத்துதான் தங்கச்சி. அவன் கத்துறதக் கேக்கதுக்கு என் வலியே தேவல. அவனுக்கே குத்துங்கன்னுட்டேன்."

பெரிய தியாகம் அண்ணாச்சி என்றேன்.

"தியாகமாவது, சவத்த விடு. எனக்குச் சத்தம் ஆவாது."

நாள் 95. மாலை 5:30

அறுவடை அனுமதி வரவில்லை. காத்திருந்தால் பதினொன்றும் போய்விடும். நானே அறுத்தேன். அவற்றின் இடத்தில் பதினொரு துணிச்செடிகள் நட்டேன். வயலில் இப்போது உயிருள்ளது எதுவும் இல்லை.

எண்ணெய் அறுபது மில்லி. நீல டப்பாவில் வைத்திருக்கிறேன். பனி விலகிப் பாதை தெளிந்ததும் குடியிருப்புக்குக் கொண்டுபோவேன்.

நண்பகல் எண்ணிக்கை: 120. வளர்ச்சி: மிகச் சிறப்பு.

நாள் 97. பிற்பகல் 2:15

குழுவிடமிருந்து:

"கடும் குளிரிலும் திறந்த வெளியில் 120 செடிகளை மிகச் சிறப்பாக வளர்த்தமைக்காகத் தங்களைப் பாராட்டுகிறோம். குடியிருப்பு மருந்தில் தன்னிறைவு பெற்றுவிட்டதால், சரக்குக் கப்பலில் அனுப்பவிருந்த 400 வலி ஊசிகள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. சரக்கேற்றம்: நாள் 112."

இரண்டு முறை படித்தேன். பெயிண்ட் டப்பாவைப் பார்த்தேன். மீண்டும் படித்தேன்.

நாள் 98. காலை 7:00

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். 120 செடிகளும் துணி. உரிமத்தை ரத்து செய்யுங்கள், என்னைத் தண்டியுங்கள், ஊசியை அனுப்புங்கள்.

நாள் 99. காலை 9:40

"தங்கள் கூற்று பதிவுகளுக்கு முரணாக உள்ளது. 120 செடிகளையும் துணைக்கோள் நாள்தோறும் கண்டுள்ளது. தனிமையில் பணிபுரிவோருக்கு இத்தகைய மனச்சோர்வு இயல்பே. ஓய்வெடுக்கவும். பாராட்டுச் சான்றிதழ் தனியே வரும்."

மாலைக்குள் எல்லாத் துணிச்செடிகளையும் பிடுங்கி எரித்தேன். கண்ணால் பார்க்கட்டும்.

நாள் 102. பகல் 12:40

நாள் 100, வயலில் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை: 1. வயல் முழுக்கத் தேடினேன். ஒரு குச்சிகூட இல்லை. நாள் 101, உள்ளேயே இருந்தேன். எண்ணிக்கை: 0. இன்று வெளியே போய் நின்றேன். எண்ணிக்கை: 1. வளர்ச்சி: சிறப்பு.

கோட்டைக் குனிந்து பார்த்தேன். இலைகள் நன்றாகத்தான் தைக்கப்பட்டிருக்கின்றன.

நாள் 103. மாலை 4:00

பூதத்தான் அண்ணாச்சி:

"கேட்டியா தங்கச்சி, நூத்திப் பத்தொம்பது செடிய நாங்க களவாண்டுட்டமாம். மருத்துவ அறையத் தேடச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. என்னையக் கட்டிலோட தூக்கி அடியில பாத்தானுவ."

எண்ணெயைக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"கொண்டாராத. ஒரு சொட்டு இங்க கெடைச்சாலும் களவு உறுதின்னு எழுதிருவான். அப்புறம் எந்தக் கப்பல்லயும் ஊசி வராது. மேல்முறையீடு போடு. அது வரைக்கும் நான் பல்லக் கடிச்சிக்கிடுதேன். பல்லு கொஞ்சந்தான் இருக்கு, சீக்கிரம் போடு."

போட்டேன். விசாரணை நாள் 111, பிற்பகல் 3 மணி. ஒரு விதி இருக்கிறது: நண்பகல் எண்ணிக்கையில் குறைந்தது ஒரு செடியாவது இருக்கும்வரைதான் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும். பூச்சியமானால் வழக்கு முடிந்தது, குற்றம் உறுதி.

நாள்தோறும் நண்பகலில் போய் நிற்பது என்று முடிவு செய்தேன்.

நாள் 107. பகல் 12:20

மைனஸ் 17. நின்றேன். எண்ணிக்கை 1. சிறப்பு. இடது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. மாசானம் இறந்துவிட்டார் என்று செய்தி. அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "இங்க இப்பம் சத்தமே இல்ல, தங்கச்சி. தூக்கம் வர மாட்டேங்குது."

நாள் 110. மாலை 5:50

குழுவிடமிருந்து:

"தங்கள் நாள் 88 விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மீதமுள்ள ஒரு செடியின் அறுவடைக்கு அனுமதி வழங்கப்படுகிறது. எந்திரம் நாள் 111 நண்பகல் 12:00 மணிக்குத் திறக்கும்."

திரும்பப் பெறக் கேட்டேன். வழங்கிய அனுமதியைத் திரும்பப் பெற முப்பது நாள். அந்தச் செடி நான்தான் என்று எழுதினேன்.

"அச்சம் வேண்டாம். எந்திரம் மனிதர்களை வெட்டாது. துணைக்கோள் செடி என்று குறித்தவற்றை மட்டுமே வெட்டும்."

எண்ணுவதும் 12:00 மணிக்கு, அறுப்பதும் 12:00 மணிக்கு. எது முதலில் என்று கேட்டேன்.

"விதிகளில் முன்னுரிமை குறிப்பிடப்படவில்லை."

நாள் 111. முற்பகல் 11:41

மைனஸ் 19. கோட்டைக் கழற்றிக் கம்பில் மாட்டிப் பார்த்தேன், நேற்றே. காற்றில் சரிந்துவிட்டது. மூன்று முறை. கம்பி தீர்ந்துவிட்டது. எல்லாம் அந்த 120 துணிச்செடிகளோடு தீயில் இற்றுப்போய்விட்டது.

எண்ணியதும் ஓடிவிடலாம். கால் ஓடுமா தெரியவில்லை.

நீல டப்பா மேசைக்கு அடியில். இதைப் படிப்பவர் முதல் வேலையாக அதைப் பூதத்தான் அண்ணாச்சியிடம் சேர்க்கவும். விசாரணை முடிந்த பிறகு. முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு.

11:54

வயலில் இருக்கிறேன். கையடக்கக் கருவியில் எழுதுகிறேன். மூன்று மணி வரை செடி இருந்ததாகப் பதிவு வேண்டும். அவ்வளவுதான். மூன்று மணி.

11:58

கொட்டகை விளக்கு எரிகிறது. செடி அசையக்கூடாது. நான்

12:00. தானியங்கிப் பதிவு

நண்பகல் எண்ணிக்கை: 1. வளர்ச்சி: சிறப்பு.

12:00. தானியங்கிப் பதிவு

அறுவடை தொடங்கியது.

12:03. தானியங்கிப் பதிவு

அறுவடை முடிந்தது. விளைச்சல்: 52 கிலோ.

பிற்பகல் 3:00. கட்டுப்பாட்டுக் குழு

"எதிர்பார்ப்பை விஞ்சிய விளைச்சலைக் கருத்தில் கொண்டு, வலி ஊசிகளுக்கான தேவை எழவில்லை எனக் குழு முடிவு செய்கிறது. மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது."

பிற்பகல் 3:06. பெறப்பட்ட அழைப்பு. பதிலளிக்கப்படவில்லை

"தங்கச்சி, அம்பத்திரண்டு கிலோன்னு போட்டிருக்கான். ஒத்தச் செடியில ஏது அம்பத்திரண்டு கிலோ? நம்ம வயல்லதான் ஒரு செடியும் கெடையாதே."

"தங்கச்சி."

"ஏ கிறேனாப்பு. என்னத்த அறுத்தான்?"