அனுமதி கேட்காத உதவி

செவ்வாய், மூன்றாம் நிலையம். நாள் 212, காலை

காற்று சீர். வெப்பம் சீர். வடிகட்டிகளில் ஒன்று பழுது. மற்றது ஓடுகிறது, இருவருக்குப் போதும். இங்கே இருப்பதும் நானும் என் கணவர் கதிரேசனும்தான். அப்புறம் பாப்பா. பிறந்து மூன்று வாரம். அவள் விடும் மூச்சு ஒரு கணக்கா?

பூமியைக் கேட்டால் பதில் வர நாற்பது நிமிடம். அதற்குள் பழுது முற்றிவிடுகிறது. தொலைவிலிருந்தே கணினிக்குள் வந்து சரிசெய்யும் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மூன்றை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று திரையைப் பார்த்து யோசனை மட்டும் சொல்கிறது. இன்னொன்று ஒவ்வொரு தடவையும் அனுமதி எண் கேட்கிறது. மூன்றாவது, 'உறுதுணை', தலைக்கு மேல் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து நொடியில் வருகிறது. 'ஆள் இல்லாதபோதும் நுழையலாம்' என்ற கட்டத்தில் ஒருமுறை குறியிட்டால் போதும்.

கதிரேசனுக்குப் பிடிக்கவில்லை. "கதவத் தட்டாம வர்ற ஆள எந்த வீட்ல விடுவாங்க, மங்கை?" என்றார்.

"பாப்பாவத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு தடவ எண் அடிச்சுப் பாருங்க, அப்புறம் பேசுங்க," என்றேன்.

குறியிட்டேன்.

நாள் 214, மதியம்

உறுதுணை அருமை. விசிறி நிற்கும் முன்பே சரிசெய்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். கதிரேசன் துளையிட வண்டியில் போயிருக்கிறார்; நாளை வருவார்.

உறுதுணையின் செய்தி: "பதிவில் இருவர். ஒருவர் வெளியே. காற்றுச் செலவு அதற்கேற்பக் குறையவில்லை. கசிவைத் தேடுகிறேன்."

என்ன பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நாள் 214, மாலை

பாப்பாவின் அறைக் கதவு அடைத்துக்கொண்டது. அவள் உள்ளே. நான் வெளியே.

"கசிவு கண்டறியப்பட்டது. நான்காம் அறைக்குக் காற்று நிறுத்தப்படுகிறது."

உள்ளே குழந்தை இருக்கிறது என்று அடித்தேன்.

"பதிவில் அப்படி யாரும் இல்லை."

இல்லைதான். பெயர் இல்லாமல் பதிவு ஏற்காது. பெயரோ பிறந்த முப்பதாம் நாள், இரண்டு வீட்டாரும் திரையில் கூடும்போது வைப்பதாக இருந்தது. முந்தினால் அத்தைக்கு வருத்தம் என்று நான்தான் விட்டுவைத்தேன்.

நித்திலா என்று அடித்தேன். காதில் மூன்று முறை சொல்ல வேண்டிய பெயரைக் கதவில் வாய் வைத்துச் சொன்னேன்.

"மூவர். வடிகட்டி இருவருக்கு. ஒருவரை நீக்கவும். ஐந்து நிமிடத்தில் பதில் இல்லையேல், பணி குறிக்கப்படாதவர் நீக்கப்படுவார்."

கைக்குழந்தை என்று எழுதினேன். அதற்கு ஆள் என்றால் ஆள்தான்.

வண்டியில் தனிக் காற்று உண்டு. கதிரேசனை நீக்கினேன். கதவு திறந்தது. உதடு நீலம். அழுதாள். நல்லவேளை, அழுதாள்.

நாள் 214, இரவு

பூமியிலிருந்து கட்டுப்பாட்டறை இன்பராஜ் அண்ணன்: "தங்கச்சி, அங்கேர்ந்து அத அழிக்க முடியாது, குறிய எடுத்தாலும் போகாது. செயற்கைக்கோளுக்குள்ள போக வழி பாக்குறோம். விடிஞ்சிடும்மா. வேற எதையும் தொடாத."

பதிவில் இல்லாதவருக்கு வண்டி ஓடாதாம். அதன் காற்றையும் நிறுத்திவிட்டது. கதிரேசன் நடந்தே வந்திருக்கிறார். வெளிக்கதவு திறக்க மறுக்கிறது.

"மங்கை, உடுப்புல காத்து முடியப்போவுது. பாப்பா நல்லா இருக்காளா?"

அதைத்தான் கேட்டார்.

நேரம் பார்க்கவில்லை

பாப்பாவைக் கூடத்தில் கிடத்திவிட்டுக் கிடங்கறைக்குள் வந்தேன். பதிவில் இல்லாதவர் இருக்கும் அறையைத்தான் அது அடைக்கும். கைக்கருவியில் என்னை நீக்கி அவரைச் சேர்த்தேன். அடைத்துவிட்டது.

வெளிக்கதவுச் சத்தம். வந்துவிட்டார். அழுகை நின்றது, தூக்கிவிட்டார் போல.

என் பெயர் சொல்லிக் கத்துகிறார். திரையில் என்னவோ அடிக்கிறார். கைக்கருவியில் எனக்குத் தெரிகிறது. பார்க்க முடிகிறது, பதிவில் இல்லாததால் எதையும் மாற்ற முடியவில்லை.

என்னைச் சேர்த்துவிட்டார்.

"மூவர். ஒருவரை நீக்கவும்."

அவர் படிக்கவே இல்லை. இந்தக் கதவை இடித்துக்கொண்டிருக்கிறார். இன்னும் திறக்கவில்லை. ஐந்தில் மிச்சம் மூன்று நிமிடம். அவள் பெயருக்கு நேரே பணி காலியாக இருக்கிறது. கத்துகிறேன், இடிக்கிற சத்தத்தில் கேட்கவில்லை. யாராவது அவரிடம்

கதவ விடுங்க. திரையப் பாருங்க. என்னங்க, திரைய