ஒத்தைக் கோழிக்கு ஒரு டாக்டர்

2025 பிப்ரவரி 4, செவ்வாய்

எச்.ஓ.டி. இன்றைக்கு எதையும் தொடவில்லை. கேப்பை போட்டேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மற்ற நாளில் கொல்லைக் கதவைத் திறந்தாலே மாரை நிமிர்த்திக்கொண்டு வந்து, லேட்டாக வந்தவளை டிபார்ட்மென்ட் வாசலிலேயே கேள்வி கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். அதனால்தான் அந்தப் பெயர். நான் காலேஜை விட்டு நின்ற வாரம் ரோட்டோரத்தில் வாங்கிய கலர்க்குஞ்சு. ஒரு வாரம் தாங்காது என்றார்கள், தாங்கியது. சேவல்தான் என்றார்கள், முட்டை போட்டது. நான் ஆரம்பித்து உருப்பட்ட ஒரே விஷயம்.

அம்மா பூ கட்டிக்கொண்டே சொன்னாள்: "தேறாதுடி. உசுரு இருக்கும்போதே அறுத்துடலாம். செத்துட்டா யாருக்கும் ஆகாது."

"எனக்கு டெங்கு வந்தப்ப இந்த ஐடியா வரலயா?"

"வாயப் பாரு."

பிப்ரவரி 5

ஸ்ரீரங்கத்தில் ஒரு நாய் டாக்டர் கிளினிக். மூடி போட்ட கூடையில் கொண்டுபோனேன்.

"பூனையாங்க?"

"கோழி."

வரவேற்பில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பெட்ஸ் மட்டும்தாங்க பாக்கறோம்."

"இதுவும் பெட்டுதாங்க."

"இல்லங்க, பெட்டுன்னா…" என்று சுவரில் இருந்த நாய்ப் படத்தைக் காட்டினாள். லாப்ரடாரோடு உட்கார்ந்திருந்தவர், "சிக்ஸ்டி ஃபைவுக்கு நல்லா இருக்கும்" என்றார். ஒரே சிரிப்பு. "உங்க நாய்க்கு என்ன சார் வியாதி, கொழுப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். கேட்டு என்ன பிரயோஜனம்? கோழியை யாரும் பார்க்கவில்லையே.

அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி. ஆடுகளுக்கு நடுவில் நின்றேன். கூடையைத் திறக்கக்கூட இல்லை. "கழிச்சலா இருக்கும், சீஸன்" என்று ஒரு பொடி கொடுத்தார்கள்.

பிப்ரவரி 6

பொடி கலந்த தண்ணீரைக் குடித்தது. தலையைக் குனிந்ததும் அவ்வளவும் வாய் வழியாகத் திரும்பி வந்தது.

பிப்ரவரி 7

தீவனக் கடையில் ஒரு பண்ணை டாக்டரின் நம்பர் வாங்கினேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"எத்தனை பறவைங்க?"

"ஒண்ணு."

"ஆயிரமா?"

"ஒண்ணுன்னா ஒண்ணுதாங்க."

பிறகு சொன்னார்: "நாங்க ஒண்ணை அறுத்துப் பாத்துத்தாம்மா மத்ததுக்கு மருந்து சொல்றது. உங்ககிட்ட மத்ததே இல்லையே."

கிண்டல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டார். அதுதான் தாங்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

கிடைச்சுட்டாங்க!

உறையூரில் பந்தயப்புறா வளர்க்கிற ஜமால் பாயிடம் போய் நின்றேன். "புறாவுக்குப் பாக்கறவங்க கோழிக்குப் பாக்க மாட்டாங்களாம்மா? ரெண்டும் ரெக்கைதானே" என்றவர், அவரே ஸ்கூட்டரில் முன்னால் போய் என் ஆட்டோவுக்கு வழி காட்டினார். டாக்டர் ஜாஸ்லின். மாடியில் ஒரே ஓர் அறை.

சிரிக்கவில்லை. "பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "எச்.ஓ.டி. மேடம், வாங்க" என்று இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கழுத்துக்குக் கீழே தடவிப் பார்த்து, என் விரலை எடுத்து அங்கே வைத்தார். கல் மாதிரி ஒரு உருண்டை.

"இது கழிச்சலே இல்ல. தீனிப்பை அடைச்சிருக்கு. என்ன தின்னுச்சுன்னு தெரியல. திறந்துதான் எடுக்கணும். ஆனா இப்ப இருக்கிற பலத்துல மயக்க மருந்து தாங்காதுப்பா. குளுக்கோஸ் ஏத்தி அனுப்பறேன். திங்கக்கிழமை வாங்க."

எண்ணெய் விட்டு நீவச் சொன்னார். நீவுகிறேன்.

பிப்ரவரி 9

தக்காளித் துண்டை இரண்டு தரம் கொத்தியது. என்னைப் பார்த்து அந்தச் சத்தத்தைப் போட்டது, சின்னதாக. அம்மாகூட எட்டிப் பார்த்து, "முழிச்சுக்கிச்சு போலயே" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

பஸ்ஸிலேயே போயிடுச்சு. காவிரிப் பாலத்துல. மடியில கூடை இருந்துச்சு, உள்ள கை வெச்சிருந்தேன். ஒரு உதறல். அவ்வளவுதான். இறங்கித் திரும்பியிருக்கலாம். எதுக்குப் போனேன்?

டாக்டர் கூடையைத் திறந்து தொட்டுப் பார்த்தார். "திறந்து பாக்கட்டுமா? வேண்டாம்னா விட்டுடலாம்."

பாருங்க என்றேன். எனக்குத் தெரிய வேண்டும்.

நூல். கோலிக்குண்டைவிடப் பெரிதாகச் சுருண்டு போயிருந்தது. நடுவில் கருத்துப்போன பூக்காம்பு. கழுவினதும் பச்சை நிறம் வந்தது.

அம்மா பூ கட்டுகிற நூல். சாயங்காலம் வாடின சரத்தைத் தூக்கிப் போடாமல் நுனியைப் பிடித்துக்கொண்டு ஆட்டுவாள். எச்.ஓ.டி. எட்டி எட்டிக் கொத்தும். அம்மா சிரித்து நான் பார்க்கிறது அப்போதுதான்.

தைத்துக் கொடுத்தார்கள். கொல்லையில் புதைத்தேன். "என்னவாம்டி வந்துச்சு?" என்று அம்மா கேட்டாள்.

"கழிச்சல்."

எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுறவதானே நான். இதை எப்படிச் சொல்றது?

பிப்ரவரி 11

தைப்பூசம். பூ நிறைய வந்தது. அம்மா நாள் முழுக்கக் கட்டினாள். நான் நூலைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

காலையில் பக்கத்து வீட்டில் கோழிகள் கத்தின. எட்டிப் பார்த்தேன். வீரம்மாள் அக்கா எல்லாவற்றையும் காலைக் கட்டிப் போட்டிருக்கிறாள். ஒன்று ஏற்கெனவே வெந்நீரில்.

"என்னக்கா பண்றீங்க?"

"உங்கம்மாதான் சொன்னா, கழிச்சல்னு. அது ஒரு வீட்டுக்கு வந்தா தெருவையே வாரிட்டுல்ல போவும். செத்து நாறறதுக்கு முன்னாடி முடிச்சிடறேன். இரு, உனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு தரேன்."

அடுத்ததை எடுத்துவிட்டாள். கழுத்து அவள் கையில்.

"அக்கா விடுங்க! கழிச்சல் இல்லக்கா! நூலு! தீனிப்பைல நூலு அடைச்சு செத்துச்சு, நான்தான் பொய் சொன்னேன், கழிச்சல் இல்லக்கா…"

தெருவுக்கே கேட்டிருக்கும். அக்கா கையைத் தளர்த்தினாள். "அடிப்பாவி, இதை நேத்தே சொல்றதுக்கு என்ன?" என்று வெந்நீரைப் பார்த்தாள்.

திரும்பினேன். பின்னால் அம்மா.

"என்ன நூலு?"

சொன்னேன். அம்மா தன் கையைப் பார்த்தாள்.

"நான் நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13

அம்மா வாசலில் போய் உட்கார்ந்து பூ கட்டினாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்குத்தான் அம்மா மறுபடி கொல்லைப் பக்கம் உட்கார்ந்து பூ கட்டினாள். நூலை வெட்டும்போதெல்லாம் துணுக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீரம்மாள் அக்காவின் கோழிகள் வேலிச் சந்து வழியாக வந்தன. ஒன்று அம்மாவுக்கு நேர் எதிரே நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. அம்மாவின் கை வாடின பூப்பக்கம் போனது. பாதியில் நின்றது. அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சுபா, இதை ஓட்டுடி" என்றாள்.

ஓட்டினேன்.