கட்டைவிரல் பட்ட குழி

ஆடி 9, வியாழன்

சுளுக்குன்னு காட்டின என் வீங்கின கணுக்காலை டாக்டரம்மா கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாங்க. குழி அப்படியே நின்னுச்சு. அடுத்த காலிலும் அதேதான்.

"சுளுக்கு ரெண்டு காலிலுமா வரும்? வலிக்கு என்னங்க சாப்பிடறீங்க?"

பையிலிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினேன். காலையில மஸ்டர்ல பேர் கொடுக்கிறதுக்கு முன்னால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, மூணு வருஷமா. போட்டாத்தான் தேயிலைச் சரிவில் கால் நிக்கும்.

ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சுன்னாங்க. இந்த மாத்திரையை இனித் தொடக்கூடாதாம், உப்பைக் குறைக்கணுமாம், கோயம்புத்தூர் போகணுமாம். போனது திரும்புமான்னு கேட்டேன். மிச்சத்தைக் காப்பாத்தலாம்னாங்க.

அழுகை வரலை. செல்வி நினைப்புதான். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறவ. முட்டி வலின்னு உட்கார்ந்தவளுக்கு இந்த மாத்திரையைப் பழக்கிவிட்டதே நான்தான். இன்னும் தினமும் என் அட்டையிலிருந்துதான் வாங்கிப் போடறா.

போன வாரம், "பூட்ஸ் இறுக்குதுக்கா"ன்னா. ஒரு சைஸ் பெரிசா வாங்கிக்கடி, நானும் அப்படித்தான் வாங்கினேன், சரியாப் போச்சுன்னேன்.

சாயங்காலம் புது பூட்ஸைக் காட்ட வீட்டுக்கு வந்தா. சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன்.

நல்லா இருக்குடின்னேன்.