தர்சினி ஓடாத சனிக்கிழமை

என்னை ஒருநாளும் கோபிக்காத என் அத்தானுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உங்கள் மகள் தர்சினி பத்து மாதத்தில், தள்ளுவண்டிக்குள் இருந்தபடி என் முழங்காலில் உதைத்தாளே, அன்றைக்கே சொன்னேன்: "அத்தான், இவள் பந்தடிக்கப் பிறந்தவள். இந்தப் பந்தாலை ஒருநாள் வீட்டில சண்டை வரும், பாருங்கோ." நீங்கள் சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டீர்கள். இப்போது பந்தும் வந்தது, சண்டையும் வந்தது. சிரிக்கத்தான் நீங்கள் இல்லை.

நீங்கள் போய் ஒரு வருடம். இங்கே லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானச் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. நான் இன்னும் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிறேன். நான் லீவு எடுத்தால் பிளேனே பிந்துகிறது என்று மனேஜர் சொல்லுகிறார். இந்த வைகாசியில் ஊரில் நடந்த போர்ச் செய்தி பார்த்துப் பார்த்து, அக்கா ரி.வி.யைத் துணியால் மூடிவிட்டா. அதைப் பார்க்க நீங்கள் இருக்கவில்லை என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

தர்சினிக்குப் பதினாறு. பள்ளிக்கூட அணியில் இடது பக்கம் ஓடுகிறவள். அந்த இடது கால் பழக்கியது நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் முப்பது கோல். சரி, பத்தொன்பது. மற்றப் பதினொன்றும் கம்பத்தில் பட்டவை, அதற்கு அவள் என்ன செய்வாள்? லண்டனின் கிழக்குப் பக்கம் ஒரு கல்லூரி இருக்கிறது. காலையில் பாடம், பின்னேரம் பெண்பிள்ளைகளுக்குப் பந்துப் பயிற்சி. அங்கே விளையாட வேண்டும் என்பதுதான் இரண்டு வருடமாக அவளுடைய ஒரே கதை. இருந்தது இரண்டு இடம். ஆள் எடுக்கிற ட்ரயல் ஒரே ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு.

அதே சனிக்கிழமைதான் உங்கள் ஆண்டுத் திவசம்.

கல்லூரிக் கடிதம் வந்த அன்று அக்கா அதை வாசித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தா.

"அப்பான்ரை திவசத்திலயோ உனக்குப் பந்து?"

"காலமை மட்டும், அம்மா. ரெண்டு மணிக்கு வந்திடுவன்."

"பூசை பத்தரைக்கு. ஒரே பிள்ளை நீ. நீ நிக்காமல் ஆர் நிக்கிறது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனோ?"

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். "மாமா, திவசத்தை ஒரு கிழமை தள்ளேலாதா? பேர்த்டே பார்ட்டி எல்லாம் தள்ளுறம்தானே."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் விளக்கம் சொல்வதில் எனக்கு நிகர் நான்தான். "பிள்ளை, இது கலண்டர் தேதி இல்லை. உங்கட அப்பா போன அண்டைக்குச் சந்திரன் எந்த நிலையில நிண்டுதோ, அந்த நிலைக்குத் திரும்பி வாற நாள். அதுக்குப் பேர் திதி. மகாராணி வந்து கேட்டாலும் தள்ள ஏலாது."

அவளுடைய விளையாட்டு ரீச்சர் போன் எடுத்துக் கெஞ்சினா. நான் கோட்டும் சூட்டும் போட்டு நேரே பள்ளிக்கூடம் போனேன். "அப்படியானால் நிலவுதான் நாள் குறிக்கிறதா?" என்று அவ கேட்டா. வெள்ளைப் பலகையில் பூமி, சூரியன், சந்திரன் மூன்றையும் கீறிக் காட்டினேன். ரீச்சர் அசந்துபோனா என்று வீட்டில் வந்து சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை இருநூறு பேர் வந்தார்கள். அறுபது என்று அக்கா சொல்லுவா. என் கத்தரிக்காய்க் கறிக்கு மூன்றாம் தரமும் சாப்பாட்டுக் கோப்பை நீட்டினார்கள். தர்சினி சேலை உடுத்து ஐயருக்கு முன்னால் இருந்தாள். எழும்பும்போதுதான் கண்டேன், சேலைக்குள்ளே முழங்கால்வரை பந்தடிக்கிற காலுறை. ஐயரும் கண்டார். மணிக்கூடு பத்தே முக்கால்.

இரண்டு இடமும் போய்விட்டது. யாராவது விலகினால் பார்க்கலாம் என்று கல்லூரி எழுதியிருக்கிறது. தர்சினி பந்தடிக்கிற சப்பாத்தைக் கறுப்புப் பையில் கட்டி ஷெட்டுக்குள் எறிந்துவிட்டாள்.

எனக்கு எல்லார்மேலும் எரிச்சல், அத்தான். ஒரே நாளிலா ட்ரயல் வைப்பது? வேறு பிள்ளைகளுக்குத் தகப்பன் சாவதில்லையா? அக்காவாவது ஒரு சொல் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா? வேலையில் பெட்டிகளைப் போட்டு அடிக்கிறேன், அந்தப் பெட்டிகள் என்ன செய்தன? ஒரு பந்தை உதைக்க ஒரு பிள்ளை இவ்வளவு கேட்க வேண்டுமா?

நேற்றுப் பின்னேரம் கேட்டேன். "மாமாவில கோவமோ, பிள்ளை?"

"உங்களில இல்லை, மாமா. அம்மாவிலயும் இல்லை. சந்திரனை நீங்கள் என்ன செய்யிறது?" பிறகு உங்கள் படத்தைப் பார்த்தாள். "அப்பாவிலதான். ரெண்டு நாள் முந்திப் போயிருக்கலாம்தானே."

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் உங்கள் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. கேட்டால், "மறந்திட்டன்" என்கிறாள். இவ்வளவு நாளும் மற்றவர்கள்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த இடத்தில் என் பக்கமே திரும்பிவிட்டது.

இந்தக் கடிதம் தமிழ்ப் பேப்பரில் வருகிறது. வெள்ளிக்கிழமை கடைகளுக்கு வந்துவிடும். அதற்கு முதல், புதன்கிழமை, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து தர்சினிக்கு உண்மையை என் வாயால் சொல்லுவேன். பிறகு அக்காவுக்கு. அவ எதைத் தூக்கி எறிந்தாலும் குனிய மாட்டேன். பிறகு அந்த ரீச்சரிடம் போய், கல்லூரிக்கு என் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதுவிப்பேன். இடம் கிடைக்குமோ தெரியாது. உங்கள்மேல் இருக்கிற கோபத்தை மட்டும் அவளிடமிருந்து வாங்கி என் தலையில் போட்டுக்கொள்வேன். இது சத்தியம்.

ஏனென்றால், அத்தான், உங்கள் திதி அந்தச் சனிக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை. "சனிக்கிழமை செய்தாலும் குறையில்லை, ஆனால் வீட்டில சொல்லிப்போடுங்கோ" என்று ஐயர் சொன்னார். நான் சொல்லவில்லை. வியாழன் எனக்கு விடிய ஷிப்ட், ஆட்களும் வர மாட்டார்கள். ட்ரயல் கடிதம் வந்தபோதாவது வாயைத் திறந்திருக்கலாம். அறுபது பேருக்குச் சொல்லியாயிற்றே என்று பேசாமல் இருந்தேன். அந்த வியாழன் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நின்று உங்களைத் தனியாக ஒரு தரம் கும்பிட்டேன். நீங்கள் அவளுடைய நாளில் போகவில்லை. சந்திரனும் அன்றைக்கு அங்கே நிற்கவில்லை. சனிக்கிழமை என்பது நான் சொன்ன பொய்.

உங்கள் மனிசியின் தம்பி,
தர்சினியின் ஒரே மாமன்,
பாலன்